ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்கு இத்தனை அர்த்தமா? கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவேரிப்பட்டினத்தில் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஓசூர் சிப்காட்டுக்குப் போகிறவர்கள், மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை பார்க்கிறவர்கள், பெங்களூரு இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள், வீட்டுப் பெரியவர்களின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். சுத்தமாகத் தெரியாத வார்த்தையை யாரிடமாவது கேட்டுவிடுகிறார்கள். தெரிந்த வார்த்தைதான் ஏமாற்றுகிறது. பேங்கில் பார்த்த அதே வார்த்தை ஆஸ்பத்திரியில் வேறு அர்த்தத்தில் நிற்கும், நமக்குத் தெரிந்த அர்த்தத்தை வைத்துப் படித்துவிட்டு வந்துவிடுவோம். அதனால் பணமும் போகும், தூக்கமும் போகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்னு இருந்தா என்ன? இங்கிலீஷ்ல மட்டும் ஏன் இப்படி?

இங்கிலீஷில் மட்டும் இல்லை தம்பி. நம் 'படி'யைப் பாருங்கள். புத்தகத்தைப் படி, மாடிப் படி, அரிசி அளக்கிற படி, சொன்னபடி செய், சம்பளத்தோடு வரும் பஞ்சப்படி. இதில் எதையும் நாம் அகராதி பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்தில் என்ன வார்த்தை வருகிறது என்று பார்த்தே புரிந்துகொள்கிறோம்.

ஆங்கிலத்தில் இது கொஞ்சம் அதிகம்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989 பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள் கொடுத்திருந்தார்கள். பிறகு நடந்த திருத்த வேலையில் 'ரன்' என்ற வினைச்சொல் அதைத் தாண்டி 645 பொருளுக்குப் போய்விட்டது. அத்தனையும் யாருக்கும் மனப்பாடம் கிடையாது, வெள்ளைக்காரருக்கும் கிடையாது.

இது இரண்டு வழியில் நடக்கிறது. முதல் வழி, ஒரே வார்த்தை கிளைவிட்டு வளர்வது. 'சார்ஜ்' அதற்கு நல்ல உதாரணம். லத்தீன் மொழியில் வண்டியைக் குறித்த சொல்லிலிருந்து, வண்டியில் பாரம் ஏற்றுவது என்ற பொருளில் வந்த சொல் அது. பாரம் ஏற்றுவது என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் வரிசையாக வரும். ஃபோனில் மின்சாரத்தை ஏற்றினால் சார்ஜ். நம் தலையில் செலவை ஏற்றினால் சர்வீஸ் சார்ஜ். பொறுப்பை ஏற்றினால் 'இன் சார்ஜ்'. குற்றத்தை ஏற்றினால் போலீஸ் போடும் சார்ஜ் ஷீட். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கத்து யானைச் செய்தியை இங்கிலீஷ் பேப்பரில் படித்தால் யானை 'சார்ஜ்' செய்தது என்று இருக்கும். அங்கே அது பாய்ந்து தாக்க வருவது.

இரண்டாவது வழி, வெவ்வேறு வழியில் வந்த இரண்டு வார்த்தைகள் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றுபோல ஆகிவிடுவது. ஆற்றங்கரையும் 'பேங்க்', பணம் போடுவதும் 'பேங்க்'. பணம் போடும் பேங்க், இத்தாலியில் பணம் மாற்றுகிறவர்கள் போட்டு உட்கார்ந்த பலகையின் பெயரிலிருந்து வந்தது. ஆற்றங்கரை பேங்க் வடக்கு ஐரோப்பாவின் பழைய சொல். பேரீச்சம்பழம் 'டேட்', தேதியும் 'டேட்'. பழத்தின் பெயர் கிரேக்க மொழியில் விரலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, தேதி லத்தீனிலிருந்து வந்தது. 'லீவ்' கூட அப்படித்தான். கிளம்பிப் போவது ஒரு சொல், விடுப்பு இன்னொரு சொல். விடுப்பு என்ற லீவுக்குப் பழைய அர்த்தம் அனுமதி. லீவ் லெட்டரில் நாம் செய்வதும் அனுமதி கேட்பதுதானே.

கிளைவிட்ட வார்த்தைக்கு அடி அர்த்தத்தைத் தேடிப் பிடியுங்கள், பாதி வேலை முடிந்துவிடும். முட்டிக்கொண்ட வார்த்தைகளில் தொடர்பு தேடாதீர்கள், உதவாது. பெரிய அகராதிகளில் இரண்டாவது வகையைத் தனித்தனிப் பதிவாக 1, 2 என்று எண் போட்டுக் காட்டியிருப்பார்கள்.

கேள்வி: மாங்கா லோடு கொண்டு போனா எடைச்சீட்டுல கிராஸ், டேர், நெட்னு மூணு நம்பர் போடறாங்க. என் பையனோட சம்பளச் சீட்டுலயும் கிராஸ், நெட்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணாம்மா?

ஒன்றுதான் அண்ணா. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே பெரிய விஷயம்.

'கிராஸ்' என்றால் எதையும் கழிக்காத மொத்தம். எடைமேடையில் வண்டியும் பெங்களூரா ரக மாங்காயும் சேர்ந்த எடை. 'டேர்' என்றால் காலி வண்டியின் எடை. கழித்துப் போடவேண்டியது என்ற பொருளில் அரபு மொழியிலிருந்து வந்த சொல். 'நெட்' என்றால் கழித்தபின் நிற்பது. கிராஸ் 9,840 கிலோ, டேர் 4,260 கிலோ என்றால் நெட் 5,580 கிலோ. உங்களுக்குக் காசு கிடைப்பது இந்த 5,580-க்கு. அதனால் டேர் நம்பரைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். மாங்காயை இறக்கிய பிறகு காலி வண்டியை மறுபடி மேடையில் ஏற்றி எடை போடச் சொல்லிக் கேளுங்கள். பழைய சீட்டில் இருந்த எடையை அப்படியே எடுத்து எழுதினால், அதில் கூடும் ஒவ்வொரு கிலோவும் உங்கள் மாங்காயிலிருந்து குறையும்.

சம்பளச் சீட்டிலும் இதே கணக்கு. கிராஸ் 16,000 ரூபாய், அதில் பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 12,000-ல் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், பி.எஃப்.-க்குப் போகும். மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 16,000-க்கு 120 ரூபாய். வேறு பிடித்தம் இல்லையென்றால் நெட் 14,440. இன்டர்வியூவில் சம்பளம் சொன்னால் அது கிராஸா, நெட்டா, 'டேக் ஹோம்' எவ்வளவு என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மொத்த வியாபாரத்தில் 'ஒரு கிராஸ்' என்றால் 144 எண்ணிக்கை, பன்னிரண்டு டஜன். பேச்சில் எதையாவது பார்த்துவிட்டு 'கிராஸ்' என்று முகம் சுளித்தால் அருவருப்பு. கொசு நெட்டும் மீன் பிடிக்கிற நெட்டும் வலை. கழித்தபின் நிற்கும் நெட்டோடு அதற்கு உறவு இல்லை.

கேள்வி: அரியர்ஸ் வந்திருக்குன்னு கம்பெனியில மெயில் போட்டாங்க. நான் டிப்ளமோவுல எல்லா பேப்பரும் பாஸ் அக்கா. எதுக்கு அரியர்?

பயப்படாதீங்க தம்பி, அது உங்களுக்கு வரவேண்டிய பணம். 'அரியர்ஸ்' என்றால் பின்தங்கி நிற்பது. கல்லூரியில் பின்தங்கி நிற்பது பாஸ் ஆகாத பேப்பர். சம்பளத்தில் பின்தங்கி நிற்பது கம்பெனி உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி. சம்பள உயர்வைத் தாமதமாக அறிவித்து முந்தைய மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுப்பார்களே, அதுதான். ஆனால் கடன் கொடுத்த இடத்திலிருந்து 'அரியர்ஸ்' என்று கடிதம் வந்தால் நீங்கள் கட்டவேண்டிய பாக்கி. யார் எழுதியது, யார் யாருக்குத் தரவேண்டும் என்று முதலில் பாருங்கள்.

'பேலன்ஸ்' கதையும் இதேதான். சேமிப்புக் கணக்கில் பேலன்ஸ் என்றால் உங்கள் பணம். லோன் கணக்கில் பேலன்ஸ் என்றால் நீங்கள் இன்னும் கட்டவேண்டியது. கண்டக்டரிடம் பேலன்ஸ் கேட்டால் மீதிச் சில்லறை. தராசுக்கும் அதுதான் பெயர், மற்ற அர்த்தங்கள் எல்லாம் தராசிலிருந்து கிளம்பியவை. 'கிரெடிட்' என்று எஸ்.எம்.எஸ். வந்தால் பணம் உள்ளே வந்திருக்கிறது. 'கிரெடிட் கார்டு' என்றால் கடன். வேலையைச் செய்தவருக்குக் கிரெடிட் கொடுங்கள் என்றால் பெருமை. மூன்றுக்கும் அடியில் இருப்பது நம்பிக்கை என்ற ஒரே லத்தீன் சொல்.

கேள்வி: மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆச்சு. மறுநாள் சீட்டுல 'நோ டிஸ்சார்ஜ்'னு எழுதியிருந்தாங்க. வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்களோன்னு ராத்திரி முழுக்க அழுதோம். அது என்ன?

கண்ணிலிருந்து சீழோ நீரோ வடியவில்லை என்று அர்த்தம் அம்மா. நல்ல செய்தி. 'டிஸ்சார்ஜ்' என்பது முன்னே சொன்ன சார்ஜுக்கு எதிர், ஏற்றியதை இறக்குவது. நோயாளியை வீட்டுக்கு அனுப்பினாலும் டிஸ்சார்ஜ், உடம்பிலிருந்து ஏதாவது வடிந்தாலும் டிஸ்சார்ஜ், பேட்டரி தீர்ந்தாலும் டிஸ்சார்ஜ். கண், காது, புண், ஆபரேஷன் நடந்த இடம் இவற்றைப் பற்றி எழுதும் வரியில் வந்தால் வடிதல். தேதியோடும் 'சம்மரி' என்ற வார்த்தையோடும் வந்தால் வீட்டுக்குப் போவது.

ஆஸ்பத்திரி வார்த்தைகளில் மக்கள் படும் அவதி எனக்குப் பெரிய வருத்தம். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

'பாசிட்டிவ்' என்றால் நல்லது, 'நெகடிவ்' என்றால் கெட்டது என்று சினிமாவும் பேச்சும் பழக்கிவிட்டன. பரிசோதனைச் சீட்டில் அப்படி இல்லை. தேடியது இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. இருந்தால் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகடிவ். காசநோய்க்குச் சளி கொடுத்து நெகடிவ் என்று வந்தால் அந்தச் சளியில் கிருமி தென்படவில்லை. கர்ப்பப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் கர்ப்பம். இரத்த வகையில் வரும் பாசிட்டிவ், நெகடிவ் நோயே இல்லை. ஆர்.ஹெச். என்ற ஒரு பொருள் சிவப்பணுவில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். ஆனாலும் கர்ப்பிணிக்கு நெகடிவ் வகை என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் தாய்க்கு அதற்கென்று ஓர் ஊசி தேவைப்படும்.

'கம்ப்ளைன்ட்' என்று சீட்டின் மேலே இருந்தால் யாரும் யார்மேலும் புகார் கொடுக்கவில்லை. நோயாளி என்ன தொந்தரவு என்று சொன்னாரோ அது. 'ஹிஸ்டரி' என்றால் இதற்குமுன் வந்த நோய்களும் சாப்பிட்ட மருந்துகளும். 'அக்யூட்' என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் குறுங்கோணம் என்று படித்திருப்பார்கள். ஊசிபோல் கூர்மையானது என்பது அடி அர்த்தம். நோயில் வந்தால் திடீரென்று தொடங்கியது. 'க்ரானிக்' நாள்பட்டது. 'ஸ்டேபிள்' என்றால் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலைமை மாறாமல் நிற்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். 'ஸ்டூல்' என்றால் நாற்காலி இல்லை, மலம். பழைய காலத்தில் மலம் கழிக்க உட்கார்ந்த பலகையின் பெயர் அதற்கே ஆகிவிட்டது. 'லேபர்' தொழிலாளர் அலுவலகத்தில் உழைப்பு, பிரசவ வார்டில் பிரசவ வலி. 'டெலிவரி' பார்சலுக்கும் வரும், குழந்தைக்கும் வரும்.

டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் நர்ஸிடம் கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்குத் தமிழக அரசின் 104 எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: 'பல்ப் கம்பெனி'யில வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னேன். பெங்களூர்ல இருக்கிற அத்தை எல்.இ.டி. கம்பெனியான்னு கேட்கறாங்க. ஏன் இப்படிக் குழப்பம்?

இது ஆங்கிலம் செய்த குழப்பம் இல்லை பாப்பா, நம் எழுத்து செய்தது. ஆங்கிலத்தில் மாங்கூழ் ஒரு வார்த்தை, விளக்கு வேறு வார்த்தை. எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. தமிழில் இரண்டையும் 'பல்ப்' என்றுதான் எழுத முடியும். 'பம்பரம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் எழுத்து ஒரு மாதிரி ஒலிக்கும், நடுவில் வரும் 'ப' இன்னொரு மாதிரி ஒலிக்கும். மாங்கூழுக்குப் பம்பரத்தின் முதல் ஒலி, விளக்குக்குப் பம்பரத்தின் நடு ஒலி. வேலை என்ன என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது 'மேங்கோ' என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இப்படித் தமிழில் ஒன்றாகிவிடும் வார்த்தைகள் நிறைய. 'கேஸ்' என்று எழுதினால் கோர்ட் வழக்கும் அதுதான், அடுப்பு சிலிண்டரும் அதுதான். ஓசூர் டூல் ரூமில் 'டை' என்றால் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சு. கழுத்தில் கட்டுவதும் டை, முடிக்குப் பூசுவதும் டை, சாவதும் டை. ஆங்கிலத்தில் அச்சுக்கும் சாவுக்கும் மட்டும்தான் ஒரே எழுத்து. மற்ற இரண்டும் வேறு எழுத்து.

'டிரிப்' இன்னும் சுவாரசியமானது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் டிரிப்ஸுக்கு 'டாக்டர்' என்ற வார்த்தையின் முதல் எழுத்து. ஒகேனக்கல்லுக்குப் போகும் டிரிப்புக்கு 'டிக்கெட்' என்ற வார்த்தையின் முதல் எழுத்து. டாக்டர் போடுவது டாக்டர் எழுத்து, டிக்கெட் வாங்கிப் போவது டிக்கெட் எழுத்து என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். தக்காளித் தோட்டத்தில் போடும் 'டிரிப்' குழாயும் டாக்டர் எழுத்துதான். இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விழுகிறது, வார்த்தையும் ஒன்றே. ஃபேக்டரியில் மெயின் சுவிட்ச் 'டிரிப்' ஆவது டிக்கெட் எழுத்து, கால் தடுக்கி விழுவதற்கும் அதே சொல்.

கேள்வி: சந்தூர்ல ஒட்டுக்கன்னு வாங்கப் போனா நர்சரின்னு போர்டு. பேத்தி படிக்கிறதும் நர்சரி. கம்பெனியை பிளான்ட்டுங்கறாங்க, செடியையும் பிளான்ட்டுங்கறாங்க. என்னம்மா இது?

சந்தூருக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நர்சரி என்பது 'நர்ஸ்' என்ற சொல்லோடு பிறந்தது. பாலூட்டி வளர்ப்பது என்பது அடி அர்த்தம். இளசாக இருப்பதை வைத்து வளர்க்கும் இடம் எல்லாம் நர்சரி, கன்றோ குழந்தையோ.

ஒட்டுக்கட்டும் வேலையிலேயே மூன்று வார்த்தை இருக்கிறது. கீழே வேரோடு இருக்கும் கன்று 'ஸ்டாக்'. ஸ்டாக்குக்குப் பழைய அர்த்தம் அடிமரம். பிறகு கடையில் இருப்பு வைத்திருக்கும் சரக்கும் ஸ்டாக் ஆனது, கம்பெனிப் பங்கும் ஸ்டாக் ஆனது. மேலே வைத்துக் கட்டும் நல்ல ரகத்தின் குச்சி 'சயான்'. பெரிய குடும்பத்து வாரிசையும் இங்கிலீஷ் பேப்பரில் அதே சொல்லால் எழுதுவார்கள். இரண்டையும் சேர்ப்பது 'கிராஃப்ட்'. தீக்காயத்துக்குத் தோல் எடுத்து வைப்பதும் கிராஃப்ட். ஆனால் அரசியல் செய்தியில் அதே எழுத்தோடு வந்தால் லஞ்சம் வாங்கிச் சம்பாதிப்பது. காகிதத்தில் பொம்மை செய்யும் கிராஃப்ட் வேறு எழுத்து.

'பிளான்ட்' முதலில் நடப்பட்ட செடி. ஓர் இடத்தில் ஊன்றி நிலையாக நிறுத்தியது என்ற பொருளில் தொழிற்சாலைக்கும் வந்தது. 'வாட்டர் ட்ரீட்மென்ட் பிளான்ட்' என்று பார்த்தால் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நம் இரண்டு மாவட்டத்துக்கும் வந்ததே, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாகிப் பல்லும் எலும்பும் கெட்டுப்போனதால்தான். அங்கே காவிரித் தண்ணீருக்குக் கொடுப்பதும் 'ட்ரீட்மென்ட்', நோயாளிக்குக் கொடுப்பதும் ட்ரீட்மென்ட். மேனேஜர் ஒரு ஆளை எப்படி நடத்துகிறார் என்பதும் ட்ரீட்மென்ட்.

கேள்வி: ஆத்தங்கரையில 'கரண்ட்' ஜாஸ்தின்னு எழுதியிருந்தா ஷாக் அடிக்குமா?

அது நீரோட்டம். இழுத்துக்கொண்டு போகும், இறங்காதீர்கள். காவிரியில் வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுவது இதனால்தான். 'கரண்ட்' என்றால் ஓடுவது. ஓடும் மின்சாரம், ஓடும் நீர். விண்ணப்பத்தில் 'கரண்ட் அட்ரஸ்' என்றால் இப்போது இருக்கும் முகவரி.

கேள்வி: ஃபைன்னா 'நல்லா இருக்கேன்'னு சொல்றோம். அபராதமும் ஃபைன் எப்படி?

லத்தீனில் முடிவு என்ற சொல்லிலிருந்து வந்தவை இரண்டும். வேலை முழுசாக முடிந்து நேர்த்தியாக இருந்தால் ஃபைன். தகராறைப் பணம் கட்டி முடித்தால் அதுவும் ஃபைன்.

கேள்வி: பி.எஃப். செட்டில்மென்ட், லோன் செட்டில்மென்ட், பத்திர ஆபீஸ்ல செட்டில்மென்ட். எல்லாம் ஒண்ணா?

இல்லை. இது கவனமாகப் படிக்க வேண்டிய வார்த்தை, நம் மண்ணோடு சம்பந்தப்பட்டதும்கூட.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் திப்பு சுல்தானிடமிருந்து பாரா மகால் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போனது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அதில் அடக்கம். அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியிடம் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள். அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே வேலை பார்த்தார், தர்மபுரியில் இருந்தவர். ஒவ்வொரு உழவரின் நிலத்தையும் அளந்து, வரி இவ்வளவு என்று அவரிடமே நேராக முடிவு செய்யும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. அப்படி வரியை முடிவு செய்ததற்குப் பெயர் 'செட்டில்மென்ட்'. அதை வசூலித்தவர் 'கலெக்டர்'. கலெக்ட் செய்கிறவர் கலெக்டர், அவ்வளவுதான். இன்று மாவட்டத்தையே நிர்வகிக்கிறவருக்கும் அந்தப் பெயர் நிற்கிறது. ரயிலில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பவருக்கும், பேரூராட்சியில் வரி வாங்க வரும் பில் கலெக்டருக்கும் அதே பெயர்.

ஆடிக்கொண்டிருந்ததை அசையாமல் உட்கார வைப்பது என்பதுதான் செட்டில்மென்ட்டின் அடி அர்த்தம். வேலையை விட்டபின் பி.எஃப். செட்டில்மென்ட் என்றால் கணக்கை முடித்துப் பணத்தைக் கொடுப்பது. பத்திர அலுவலகத்தில் செட்டில்மென்ட் என்றால் பெரும்பாலும் குடும்பத்துக்குள் சொத்தைப் பணம் வாங்காமல் எழுதிக் கொடுப்பது. கையெழுத்துப் போட்டால் சொத்து கைமாறிவிடும், உயில் மாதிரி நினைத்தபோது மாற்ற முடியாது. வயதானவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் போடக்கூடாது. கட்டடத்தில் 'செட்டில்மென்ட்' என்று இன்ஜினியர் சொன்னால் அஸ்திவாரம் மண்ணில் இறங்கியிருக்கிறது.

லோனில் மட்டும் இந்த வார்த்தைக்கு மயங்காதீர்கள். முழுக்கடனையும் கட்டினால் கணக்கு 'க்ளோஸ்டு'. பாதியை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டால் 'செட்டில்டு'. காதுக்கு இரண்டும் முடிந்துவிட்டது மாதிரிதான் கேட்கும். ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று இருந்தால் இவர் முழுதாகக் கட்டவில்லை என்று அடுத்த பேங்க் எடுத்துக்கொள்ளும். முழுதாகக் கட்டியவர்கள் தடையில்லாச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: லோன் 'சாங்ஷன்' ஆயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம். பேப்பர்ல ஒரு நாட்டு மேல 'சாங்ஷன்'னு போட்டு தடைங்கறாங்க. எது சரி?

இரண்டும் சரி. ஒரே வார்த்தை எதிரும் புதிருமான இரண்டு அர்த்தத்தில் வருகிறது. லோன், லீவு, பட்ஜெட் பக்கத்தில் வந்தால் அனுமதி. ஒரு நாட்டுக்கு எதிராக என்று வந்தால் தடை. இப்படிச் சில உண்டு. 'டஸ்ட்' என்றால் தூசியைத் துடைப்பது, பயிருக்கு மருந்துத் தூள் தூவுவதும் அதே டஸ்ட்.

கேள்வி: டிரெய்னியா சேர்றதுக்கு 'பாண்ட்' கேட்கறாங்க, 'நோட்டீஸ்' ரெண்டு மாசம்ங்கறாங்க. நான் தப்பு ஒண்ணும் பண்ணலையே, எதுக்கு நோட்டீஸ்?

வக்கீல் அனுப்புவதும் சுவரில் ஒட்டுவதும் மட்டும் நோட்டீஸ் இல்லை. முன்கூட்டியே தெரிவிப்பது எல்லாம் நோட்டீஸ். 'நோட்டீஸ் பீரியட்' இரண்டு மாதம் என்றால், வேலையை விடுவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். பல ஆஃபர் லெட்டரில், அதைச் செய்யாவிட்டால் அந்த நாட்களுக்கான சம்பளத்தைப் பிடிப்போம் என்றும் இருக்கும்.

'பாண்ட்' என்றால் கட்டு. நம் ஊரில் ஸ்டாம்ப் பேப்பரையே பாண்டு பேப்பர் என்று சொல்லிப் பழகிவிட்டதால், பேப்பர் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். கம்பெனி கேட்பது, இத்தனை காலம் இங்கேயே வேலை செய்வேன், நடுவில் போனால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்ற உறுதி. காலமும் தொகையும் எங்கே எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அசல் மார்க் சீட்டைக் கொடுக்கச் சொன்னால் நகல் கொடுங்கள். 'ப்ரொபேஷன்' என்று இருந்தால் கோர்ட் விஷயம் என்று பயப்பட வேண்டாம், வேலையில் அது தகுதி பார்க்கும் காலம்.

கேள்வி: ஃபோன்ல போட்டோ எடுத்தா தமிழ்ல வருதே, அது போதாதா?

உதவும், ஆனால் ஒற்றை வார்த்தையைக் கொடுக்காதீர்கள். தனியாக 'டிஸ்சார்ஜ்' என்று கொடுத்தால் எந்த டிஸ்சார்ஜ் என்று அதற்கு எப்படித் தெரியும்? முழு வரியைக் கொடுங்கள், முடிந்தால் மேலே ஒரு வரியும் கீழே ஒரு வரியும் சேர்த்து. மருந்து அளவு, வட்டி, பத்திரம் இந்த மூன்றுக்கும் ஃபோனை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: வீட்ல ஓசூர் பக்கத்து தெலுங்கு, வெளியில தமிழ், கம்பெனியில கன்னடம், இந்தி. இதுல இங்கிலீஷ் அர்த்தம் எல்லாம் எப்படி ஞாபகம் வைக்கிறது?

இத்தனை மொழிக்கு நடுவில் வளர்ந்த உங்களுக்கு இது மற்றவர்களைவிடச் சுலபம். ஆளைப் பார்த்து மொழியை மாற்றிப் பழகியவர்கள், இடத்தைப் பார்த்து அர்த்தத்தை மாற்றிக்கொள்வீர்கள். ஏ, பி, சி வரிசையில் வார்த்தைப் பட்டியல் எழுதாதீர்கள். நோட்டில் பேங்க், ஆஸ்பத்திரி, கம்பெனி, பத்திர ஆபீஸ், தோட்டம் என்று பக்கம் பிரியுங்கள். வார்த்தையை மட்டும் எழுதாமல் அது வந்த வரியை அப்படியே எழுதுங்கள். ஒரே வார்த்தை இரண்டு பக்கத்தில் வரும்போது இரண்டு வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வகுப்பில் சம்பளச் சீட்டு, எடைச்சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு இவைதான் பாடப்புத்தகம். தன் காசும் தன் உடம்பும் சம்பந்தப்பட்ட வரியை யாரும் மறப்பதில்லை.

கேள்வி: எல்லாம் சரி அக்கா. லோன் பேப்பர் முழுக்க இங்கிலீஷ்ல இருந்து, அவங்க அவசரப்படுத்தினா என்ன பண்றது?

தமிழில் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடனுக்கும் சிறு தொழில் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டி, மற்ற கட்டணம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். அதைப் பாருங்கள். 'இன்ட்ரஸ்ட்' குறைவு என்று சொல்லிவிட்டு 'சார்ஜ்' என்ற பெயரில் சேர்த்திருந்தால் அந்த எண்ணில் தெரிந்துவிடும். ஆங்கிலத்திலேயே கேட்க வேண்டியிருந்தால் ஒரு வரி போதும்: 'பிளீஸ் எக்ஸ்பிளெய்ன் திஸ் வேர்டு இன் தமிழ்.' வகுப்பில் முதல் நாளே இதைத்தான் எல்லாரையும் சத்தமாகச் சொல்ல வைக்கிறேன்.